கொப்பரையில் மிதந்த டச்சுக் கப்பல்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரம் முழுக்க ஒரு போர்க்கப்பல் கிடந்தது. காகிதத்தில்தான். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரித்துப் போட்ட வரைபடம். சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் ஊறுகாய் பாட்டில், இன்னொரு மூலையில் உப்பு ஜாடி, மற்ற இரண்டிலும் என் மகள் தர்ஷினியின் முழங்கைகள். நானும் அவள் அப்பாவும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

ஆயிரத்து எண்ணூறுகளின் கடைசியில் டச்சுக்காரர்கள் தங்கள் கடற்கரையைக் காவல் காக்கக் கட்டிய கப்பலாம் அது. தர்ஷினி கொச்சியில் கப்பல் கட்டும் பொறியியல் படிக்கிறாள், மூன்றாம் வருடம். ஏதாவது ஒரு பழைய கப்பலை எடுத்துக்கொண்டு, அது எப்படி மிதந்தது, எவ்வளவு சாய்ந்தால் கவிழ்ந்திருக்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் பேர்போன பெரிய கப்பல்களாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ள, இவள் மட்டும் அங்கே யாரும் கேள்விப்படாத இதைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அதற்குக் காரணம் நான். சின்ன வயதில் அவளுக்குச் சோறு ஊட்டும்போது, நிலாவைக் காட்டியதைவிட இந்தக் கப்பலைச் சொல்லி ஊட்டியதுதான் அதிகம்.

அதற்குள் போகுமுன் என் கவலையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஓடாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் இவளும் இவள் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரும் ஆழம் அளக்கிறோம் என்று கொச்சிக் காயலில் ஒரு சின்னப் படகில் போயிருக்கிறார்கள். நடுக்காயலில் டால்பின் ஒன்று முதுகைக் காட்டியிருக்கிறது. படகு ஏன் கவிழ்கிறது என்பதைப் பாடமாகவே படிக்கிற ஐந்து பேரும் ஒரே பக்கத்துக்கு ஓடிப்போய் நின்றிருக்கிறார்கள். படகு தன் கடமையைச் செய்துவிட்டது. எல்லோரும் மிதவைச் சட்டை போட்டிருந்ததால் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். மீன்பிடிப் படகுக்காரர்கள் வந்து அள்ளிப் போட்டுக் கரைசேர்த்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

எனக்குப் போன் வந்தபோது வீரகேரளம்புதூரில் தாலுகா ஆபீசில் இருந்தேன். வருமானச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். “பேடிக்கண்டா, ஒண்ணுமில்லா”, பயப்படாதீங்க என்று ஒரு மலையாளக் குரல் ஆரம்பித்ததுமே என் இடது புறங்கையில் ஒரு முத்திரை விழுந்துவிட்டது. அந்த மை மூன்று நாளில் போய்விட்டது. பயம் போகவில்லை. இப்போதும் ஆபீசில் யாருடைய போன் அடித்தாலும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

அன்றைக்கே நானும் அவள் அப்பாவும் புளியறை வழியாகப் பஸ் மாறிப் போய்ப் பார்த்தோம். பத்து நாள் லீவு கேட்டு ஊருக்குக் கூட்டிவந்தேன். வருகிற வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு. “எம்மா, அந்த டால்பின் எங்களையே பாத்துட்டு இருந்துச்சு தெரியுமா?” அதற்குள் நான் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். லீவு முடிந்து திங்கட்கிழமை அவள் திரும்பிப் போக வேண்டும். நான் அனுப்பப் போவதில்லை.

செங்கோட்டை தாண்டியதும் சொல்லியும் விட்டேன்.

“இங்கன இல்லாத படிப்பா? கணக்கு எடுத்துப் படி. டீச்சராப் போ. தரையில நின்னு செய்யுத வேலை எத்தனையோ இருக்குல்லா.”

“கப்பல் கட்டுதவளும் தரையிலதாம்மா நிப்பா. தண்ணிக்குள்ள நின்னா கட்டுவாங்க?”

மகள்கள் மடக்கினால் அம்மாக்கள் செய்வதைத்தான் செய்தேன். பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்து அவள் கையில் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். எண்ணெய்த் தலையோடு போய் மேசையில் குனிந்திருக்கிறாள். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு, சரியாகக் கப்பலின் முன்பக்கத்துப் பீரங்கிக் கூண்டின் மேல் விழுந்தது. “எம்மா! பீரங்கியில நல்லெண்ணெய்!” என்று ஒரு கத்தல். துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்த நான், அந்த வாசனை மூக்கில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். நல்லெண்ணெயும் டச்சுக் கப்பலும் சேர்ந்த வாசனையை நான் முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பே முகர்ந்திருக்கிறேன். எங்கள் கப்பலைச் செய்ததே நல்லெண்ணெய் டின்னில்தான்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ‘ஐரோப்பியர் வருகை’ என்று ஒரு பாடம். சரித்திர டீச்சருக்கு அந்த வருடம் என்ன தோன்றியதோ, பள்ளிக்கூடக் கண்காட்சியில் அந்தப் பாடத்தையே மிதக்கவிடப் போவதாக அறிவித்தார். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனியர், பிரெஞ்சுக்காரர் என்று ஐந்து துண்டுச் சீட்டு. குழுவுக்கு ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு கப்பல். முழ நீளத்துக்கு மேல் போகக் கூடாது. சிறப்பு விருந்தினர் வந்து பார்த்து முடிக்கும்வரை நேராக மிதக்க வேண்டும். ஜெயிக்கிற குழுவைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய் நிஜக் கப்பல் காட்டுவார்கள்.

எனக்குக் கூட்டாளி இசக்கியம்மாள். குத்துக்கல்வலசையில் வீடு, நெல் விவசாயம். என்னைவிட ஒரு சாண் உயரம், குரல் இரண்டு சாண். எல்லாக் குழுக்களும் சேர்ந்தபிறகு மிஞ்சியவர்கள் நாங்கள் இருவர்தான். எங்களுக்கு வந்த சீட்டு டச்சு.

மற்ற நாலு நாட்டுக்கும் பாய்மரக் கப்பல்தான் என்று வகுப்புக்கே தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் ஒழுங்காகப் படிக்கிறவர்கள் அல்லவா, நூலகத்துக்குப் போனோம். வீட்டுக்குத் தராத கனத்த ஆங்கிலப் புத்தகங்கள் இருந்த அலமாரியில், கப்பல்களைப் பற்றிய ஒன்றில் ‘டச்சு’ என்ற சொல் போட்டு ஒரு படம் கிடைத்தது. அதற்குமேல் நாங்கள் பக்கத்தைப் புரட்டவே இல்லை. படத்தைப் பிரதி எடுக்க நோட்டுத்தாளில் தேங்காயெண்ணெய் தடவிக் கொண்டுபோயிருந்தோம். எண்ணெய்த்தாளைப் புத்தகத்தின் மேல் வைக்கப்போன நிமிடத்தில் நூலகர் பாய்ந்து வந்தார்.

“ஏ பிள்ளையளா, இது புத்தகமா, அப்பளமா?”

பிறகு கண்ணால் பார்த்துத்தான் வரைந்தோம்.

அது பாய்மரக் கப்பல் இல்லை. இரும்புக் கப்பல். பாயே கிடையாது, புகைபோக்கி இருந்தது. மேல்தளம் தண்ணீரை ஒட்டி அப்படித் தாழ்ந்து கிடந்தது. முன்னால் ஒரு கூண்டில் இரண்டு பீரங்கி, பின்னால் ஒரு கூண்டில் ஒன்று. மூக்கு மேலே தூக்கியிராமல், தண்ணீருக்கடியில் முன்னே நீண்டிருந்தது. எதிரிக் கப்பலை இடித்து ஓட்டை போடுவதற்காம். “பன்னி மூஞ்சி மாதிரில்லா இருக்கு” என்றாள் இசக்கி, மிகுந்த பிரியத்தோடு. படத்துக்குக் கீழே இருந்த ஒரு பத்தியை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு மாலைநேரம் உடைத்தோம். டச்சுக்காரர் நாட்டுக் கரையோரத்தில் கடல் ஆழம் கிடையாது, எங்கு பார்த்தாலும் மணல்திட்டு, அதனால் தண்ணீருக்குள் அதிகம் இறங்காத கப்பலாகக் கட்டிக்கொண்டார்கள் என்று அதில் இருந்தது. இசக்கி அதை நெட்டுரு போட்டாள். எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும், கெடக்கு” என்றாள்.

டின்னுக்குப் பஞ்சமில்லை. இசக்கியின் சித்தப்பா குற்றாலத்தில் சீசன் நேரத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். சாரல் ஆரம்பித்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு காலி டின் விழும். ஒன்றை எடுத்துக்கொண்டு தென்காசியில் டின் பற்றவைக்கிற அண்ணாச்சியிடம் போனோம். நவச்சாரத்தைத் தொட்டுச் சூட்டுக்கோலை வைக்கும்போது எழுகிற அந்தப் புகையும், டின்னில் ஒட்டியிருந்த நல்லெண்ணெய் கருகும் வாசமும் சேர்ந்து வரும் பாருங்கள், ஒரு கப்பல் பிறக்கிற வாசனை எனக்கு அதுதான்.

அண்ணாச்சி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடி வளைவா வேணும்னா ஆசாரிட்டப் போங்க. டின்னு அப்படிச் சொன்ன பேச்சு கேக்காது. தட்டையாத்தான் வரும்.”

“தட்டையாவே இருக்கட்டும் அண்ணாச்சி” என்றாள் இசக்கி. எங்கள் கப்பலின் அடிப்பாகம் தட்டையாக அமைந்ததன் முழு வரலாறும் அதுதான். பிற்பாடு அதற்கு எவ்வளவு பெரிய பெயர் கிடைத்தது என்று சொல்கிறேன்.

பவுடர் டப்பா மூடிகள் இரண்டு பீரங்கிக் கூண்டுகளாயின. தீர்ந்துபோன பேனா ரீஃபில்கள் மூன்று பீரங்கிகள். பழைய டார்ச் பேட்டரியின் தகடு புகைபோக்கி. எங்கள் வீட்டுக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளிப் பெயின்டைப் பூசியதும், அடடா, அதைப் போல ஒரு அழகை நான் பிறகு என் கல்யாணப் புடவையில்கூடப் பார்க்கவில்லை.

கடல் வேண்டுமே? பள்ளிக்கூடத்தில் அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லை. இசக்கி வீட்டில் நெல் அவிக்கிற செப்புக் கொப்பரை இருந்தது. வாய் அகலம், அடி தட்டை, நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும். அதைத் தருவதற்கு அவள் அம்மா ஒப்புக்கொண்டாள், ஒரு குறையையும் சொன்னாள். அடியோரத்தில் மிளகு அளவு ஒரு ஓட்டை. “வெல்லமும் சுண்ணாம்பும் கொழைச்சு அப்பிருங்க. கல்லு மாதிரி நிக்கும்.”

குழைக்கிற வேலை எனக்கு. இங்கேதான் என் குணத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுண்ணாம்பு கையைப் பொத்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் சுண்ணாம்பை நகக்கண்ணில் தொட்டு எடுத்துக்கொண்டு, வெல்லத்தைத் தாராளமாகப் போட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது. தின்றாலும் நன்றாகவே இருந்திருக்கும்.

கண்காட்சி அன்று கொப்பரை மாட்டுவண்டியில் வந்து, மைதானத்து ஓரத்தில் மணலில் உட்கார்ந்தது. விளிம்புவரை தண்ணீர். ஐந்து கப்பலும் இறங்கின. ஆங்கிலேயக் கப்பல் மீனாவுடையது. அவள்தான் வகுப்பு லீடர். அவள் அப்பா ஆசாரியை வைத்துத் தேக்கில் செய்து கொடுத்திருந்தார். மூன்று பாய்மரம், கயிறு ஏணி, அடியில் நேராக நிற்பதற்காக ஈயம் வைத்த ஒரு பலகை. மற்ற மூன்று குழுவும் அதைப் பார்த்துத் தங்கள் கப்பலுக்கும் பலகை வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது அவற்றுக்கு நடுவில் தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துக் கிடந்தது.

“ஏட்டி, இது கப்பலா, சோப்பு டப்பாவா?” என்றாள் மீனா.

“சோப்பு டப்பாதான். ஒங்க கப்பலக் கழுவக் கொண்டாந்திருக்கோம்” என்றாள் இசக்கி.

“பாதி முங்கிட்டு. மீதி எப்ப முங்கும்?”

“நீ வாய மூடுனா அலையடிக்காது, முங்காது.”

பிறகு டீச்சர் வந்தார். எங்கள் கப்பலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“பாய் எங்கட்டி?”

“பாய் கெடையாது டீச்சர். நிலக்கரி.”

“எவட்டி இவ! தூத்துக்குடிக்கு வந்த டச்சுக்காரன் பாய்மரத்துலல்லா வந்தான்? இந்தக் கப்பல அங்க கட்டும்போது, இங்க அவன் மூட்டையக் கட்டிட்டுப் போயி எவ்வளவோ காலமாச்சே!”

இரண்டு மாதம் உழைத்து, வராத கப்பலைச் செய்திருக்கிறோம். நான் அழத் தயாரானபோது இசக்கி சொன்னாள்: “அடுத்த தடவ வந்தான்னா இதுலதான டீச்சர் வருவான்.”

டீச்சர் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார். போட்டியிலிருந்து எங்களை எடுக்கவும் இல்லை.

சிறப்பு விருந்தினர் பதினோரு மணிக்கு வர வேண்டியவர். கல்வி அதிகாரி. இரண்டு மணிக்கும் வரவில்லை. நாங்கள் சாப்பிட்டு வந்து பார்த்தால் கொப்பரையைச் சுற்றி எறும்பு. இந்த எறும்புகளுக்குக் கப்பலில் என்ன வேலை என்று யோசித்துக்கொண்டே உள்ளே எட்டிப்பார்த்தேன். விளிம்பில் இருந்த தண்ணீர் பாதிக்குப் போயிருந்தது. என் வெல்லம் கரைந்துகொண்டிருந்தது. மணல் குடித்துக்கொண்டிருந்தது, காலையில் சாரல் விழுந்திருந்ததால் ஈரத்தை யாரும் சந்தேகப்படவில்லை. மேலே ஊற்றலாம் என்றால் கரண்ட் இல்லை, தொட்டி காலி.

“இசக்கி, ஓட்டை தொறந்துட்டுடி. நாந்தான் சுண்ணாம்பக் கொறச்சிட்டேன்.”

“ஏ மூதி! எங்கம்மா கேட்டா கொன்னுருவா. சத்தம் காட்டாத.”

தண்ணீர் ஒரு சாணுக்கு வந்தது. பிறகு நாலு விரற்கடைக்கு வந்தது. முதலில் ஆங்கிலேயன் தரைதட்டினான். அடியில் இருந்த பலகை செம்பில் உட்கார்ந்து, மூன்று பாய்மரமும் மெல்லச் சாய்ந்து, பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரன் மேல் விழுந்தன. பிரெஞ்சுக்காரன் டேனியனைத் தள்ளினான். போர்ச்சுகீசியன் தனியாகவே படுத்தான். மீனா வீறிட்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் சத்தம்.

அதிகாரி கழுத்தில் பெரிய மாலையோடு வந்து கொப்பரைக்குள் குனிந்தார். நாலு வல்லரசும் மல்லாந்து கிடக்க, நாலு விரல் தண்ணீரில் எங்கள் நல்லெண்ணெய் டின் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நிமிர்ந்து மிதந்துகொண்டிருந்தது.

“இது மட்டும் எப்படிம்மா நிக்குது?”

இசக்கி ஒரு அடி முன்னால் வந்தாள். நெட்டுரு போட்டது இதற்காகத்தான் என்பதுபோல ஒரே மூச்சில் சொன்னாள்: “சார், டச்சுக்காரங்க நாட்டுக் கரையில கடல் ஆழம் கெடையாது சார். பூரா மணல்திட்டு. அதனால கப்பலோட அடியத் தட்டையா வச்சு, தண்ணிக்குள்ள எறங்காமக் கட்டுவாங்க சார். அதக் காட்டத்தான் சார் தண்ணியக் கொறச்சு வச்சிருக்கோம்.”

கடைசி வாக்கியத்தில் நான் இசக்கியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். அதிகாரி டீச்சரைத் திரும்பிப் பார்த்து, “பிரமாதம். பாடத்தச் செஞ்சே காட்டிட்டாங்க” என்றார். டீச்சர் கொப்பரையைப் பார்த்தார், எறும்புகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு மௌனத்துக்காகவே அவருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

போட்டோ எடுப்பதற்கு நிறைந்த கடல் வேண்டும் என்றார் போட்டோக்காரர். ஓட்டையில் துணியைத் திணித்து, பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டினோம். எங்கள் கப்பல் நிறைதண்ணீரில் நடுவில் மிதந்தது. எல்லோரும் சுற்றி நின்றோம். அதிகாரி உணர்ச்சிவசப்பட்டார். நம் ஊரில் உணர்ச்சிவசப்பட்டால் என்ன செய்வோம்? தன் கழுத்திலிருந்த ரோஜாமாலையைக் கழற்றி, கைதட்டலுக்கு நடுவில், கப்பலுக்குப் போட்டார்.

டச்சுக்கார இன்ஜினியர்கள் எதையெல்லாமோ யோசித்திருப்பார்கள். அலை, புயல், எதிரியின் குண்டு. மாலையை யோசித்திருக்க மாட்டார்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டு விரல்தான் மேல்தளம். அதற்குமேல் ஒரு கிலோ ரோஜாப்பூ. கப்பல் ஒரு பக்கம் தலைசாய்த்து, தண்ணீரை ஒரு வாய் குடித்து, ‘களுக்’ என்று உள்ளே போய்விட்டது. சரியாக அப்போது போட்டோக்காரர் பொத்தானை அழுத்தினார். அந்தப் படத்தில் ஒரு கொப்பரை, அதில் மிதக்கும் மாலை, சுற்றிலும் வாய் பிளந்த பதினாறு பேர். கப்பல் இல்லை.

இசக்கி சிரித்த சிரிப்பில் மீனாவும் சேர்ந்து சிரித்தாள். நான் மட்டும் அழுதேன்.

எப்படியோ, பரிசு எங்களுக்கே. தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனார்கள். துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலில் ஏறிப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தார் டீச்சர். இசக்கி கிடுகிடுவென்று ஏணியில் ஏறி, மேலே நின்று கையாட்டினாள். நான் கரையில் நின்று இரண்டு பேர் செருப்பையும் பார்த்துக்கொண்டேன்.

இவ்வளவையும் வெள்ளிக்கிழமை எண்ணெய்த் தலையோடு இருந்தவளிடம் மறுபடியும் முழுதாகச் சொன்னேன். ஊட்டும்போது சொன்னதில் மாலையோடு கதை முடிந்துவிடும். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. மாலையின் எடை, கப்பலின் அகலம் என்று கேட்டு ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டாள். “அம்மா, பாதி மாலை போட்டிருந்தா தப்பிச்சிருக்கும்” என்று தீர்ப்புச் சொன்னாள். நிஜக் கப்பலுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். இத்தனை வருடத்தில் எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

“பெருசாச் சண்டைன்னு ஒண்ணும் போடலம்மா. கரையக் காக்குறதுக்குன்னு கட்டுனாங்க. ஆனா கரையிலயே நிக்க விடல. இந்த வகைக் கப்பல்ல சிலத சமுத்திரம் தாண்டி அவங்க காலனிப் பக்கமெல்லாம் அனுப்பியிருக்காங்க.”

“மேல்தளம் அவ்வளவு தாழ்வா இருக்கே. தண்ணி ஏறாதா?”

“ஏறும். ஏறி எறங்கும். கதவையெல்லாம் இறுக்கிச் சாத்திட்டுப் போவாங்க. அப்புறம் வயசாயி, உடைச்சு இரும்பா வித்துட்டாங்க.” பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: “ஒங்க கப்பல அதுக்கப்புறம் எங்கெல்லாம் விட்டீங்க?”

இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கும் விடவில்லை. மூழ்கிய கப்பலை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைத்து, துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். இசக்கி வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம் இருந்தது. ஐப்பசி மழைக்கு நிரம்பிவிடும். “ஏட்டி, கப்பலக் கொண்டாட்டி, எங்க கொளத்துல விடுவோம். கயிறு கட்டி விடுவோம்” என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டாள். பத்தாம் வகுப்பில் கேட்டாள். அதற்கு அடுத்த மழையிலும் கேட்டாள். நான் ஒவ்வொரு தடவையும் ஒன்று சொன்னேன். முங்கிவிடும், பாசி பிடித்துவிடும், தண்ணீர் பட்டால் துருவேறிவிடும். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கல்லூரிக்குப் போகும்போது பரணை ஒதுக்கினேன். துணியைப் பிரித்தால் கப்பல் முழுக்கத் துரு. அடித்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த கப்பல். அம்மா அதைத் தெருவில் வந்த பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கினாள். நானும் தின்றேன்.

“ஒரு தடவைகூடவா விடல?” என்றாள் தர்ஷினி.

“விடல.”

அவள் குனிந்து மறுபடியும் கோடு போட ஆரம்பித்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். பின்கட்டுக்குப் போய் அவளுடைய கொச்சித் துணிகளை ஊறவைத்தேன். சாரலில் காய இரண்டு நாளாகும். திங்கட்கிழமைக்குச் சரியாக இருக்கும்.

சனிக்கிழமை இசக்கிக்குப் போன் செய்தேன். இப்போது அவள் தூத்துக்குடியில்தான் இருக்கிறாள். வீட்டு மாடியில் நின்றால் கப்பல் தெரியுமாம்.

“தர்ஷினிய அனுப்பப் போறேன்” என்றேன்.

“பெரிய சாதனைதான். கப்பல் படிப்புக்குச் சேத்துவிட்டுட்டு, பிள்ள தண்ணியில விழுந்துட்டுன்னு ஒப்பாரி வச்சவல்லா நீ.”

“பயமாத்தான் இருக்குட்டி.”

“இருக்கட்டுமே. ஒனக்கு எப்பட்டி பயம் இல்லாம இருந்துச்சு? பயந்துகிட்டே அனுப்பு.”

திங்கட்கிழமை காலை பஸ் ஏற்றிவிட்டோம். நீந்தத் தெரிந்தவர்களும் மிதவைச் சட்டையைக் கழற்றக் கூடாது என்று ஐந்து தடவை சொன்னேன். அவள் ஆறாவது தடவையைத் தானே சொல்லிவிட்டு, வரைபடக் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். பஸ் நகர்ந்ததும் அவள் அப்பா ஸ்கூட்டரைத் திருப்பினார். “குத்துக்கல்வலசைப் பக்கமாப் போங்க” என்றேன். அவர் வண்டியை அந்தப் பக்கம் ஒடித்தார்.

இசக்கி வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. வரிசை வரிசையாகப் புது வீடுகள். மாடியில் தண்ணீர்த் தொட்டிகள், வாசலில் கார்கள், சாரலில் நனைந்துகொண்டு கிடக்கும் சிமென்ட் மூட்டைகள். குளம் எங்கே என்று ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். “கொளமா? இங்கன ஏது கொளம்? நாங்க வந்து பதினஞ்சு வருசமாச்சு” என்றாள். அவள் நின்று பேசிய இடம்தான் குளம் என்று நினைக்கிறேன். இசக்கி கேட்ட மூன்று மழைக்கும் அது நிறைந்துதான் கிடந்தது. கப்பல்தான் பரணில் இருந்தது.